எம்.பி.பி.எஸ். முதலாண்டு: டேப்பா, லேப்டாப்பா, எதை முதலில் வாங்குவது?

தேனிக்காரி

வணக்கம். தம்பிக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்பதால், கையில் இருக்கும் 50,000 ரூபாயைக் கருவிக்கு ஒதுக்கலாம் என்று வீட்டில் முடிவு. கடையில் கேட்டால் 65,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி "டாக்டர் படிப்புக்கு இதுதான் தாங்கும்" என்கிறார்கள். தம்பி ஐபேட் கேட்கிறான். எது உடனே தேவை, எது பிறகு போதும், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அவன் கையில் 6 ஜிபி ராம் உள்ள 5ஜி போன் இருக்கிறது.

ஹிஸ்டோ ஸ்லைடு

தம்பிக்கு வாழ்த்துகள் அக்கா. முதலில் அந்த கேமிங் லேப்டாப்பை மறந்துவிடுங்கள். இரண்டேகால் கிலோ எடை, அதற்கு அரைக்கிலோவில் ஒரு சார்ஜர், நாலு மணி நேரம்கூட நிற்காத பேட்டரி. முதலாண்டில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே கிடையாது. முப்பரிமாண அனாட்டமி மென்பொருள்கூட சாதாரண லேப்டாப்பில் ஓடும். இசட்-அனாட்டமி என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

கருவியைப் பற்றிப் பேசுமுன் வேலை என்ன என்று பார்ப்போம். முதலாண்டில் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. தியரி பரீட்சை பேனாவும் பேப்பரும். வைவா வாயால். ரெக்கார்டு நோட்டு முழுக்கக் கையெழுத்து. ஹிஸ்டாலஜி (திசுவியல்) படங்களை இரண்டு கலர் பென்சிலை வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும்: நியூக்ளியஸுக்கு ஹெமடாக்சிலின் சாயத்தின் நீல ஊதா, சைட்டோபிளாசத்துக்கு ஈயோசினின் இளஞ்சிவப்பு. டேப்பில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் ரெக்கார்டில் ஆசிரியரின் கையெழுத்து விழாது.

அப்படியானால் கருவி எதற்கு? வகுப்பு ஸ்லைடையும் புத்தகத்தின் பிடிஎஃப்பையும் திறந்து அதன் மேலேயே எழுத, வீடியோ பார்க்க, ஃப்ளாஷ் கார்டு திருப்ப. மூன்றுக்கும் பொருத்தம் பேனாவுள்ள டேப். லேப்டாப்புக்கு உண்மையான வேலை இரண்டாம் ஆண்டிலிருந்துதான் வரும்: செமினார் ஸ்லைடு, கம்யூனிட்டி மெடிசின் சர்வே தரவு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் குறுகியகால மாணவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஆய்வறிக்கை.

வாங்குவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, வகுப்பு தொடங்கி நாலு வாரம் எதையும் வாங்காமல் பொறுத்திருங்கள். அந்த நாட்களில் துறையில் ஸ்லைடைப் பிடிஎஃப்பாகக் கொடுக்கிறார்களா, விடுதியில் வைஃபை எட்டுகிறதா, சீனியர்கள் எதில் படிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இரண்டு, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. தம்பியின் பெயர் அந்தப் பட்டியலில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வருமென்றால் லேப்டாப்புக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்.

டிசெக்‌ஷன் ஹாலுக்கு (உடலை அறுத்துப் படிக்கும் அறை) டேப்பைக் கொண்டுபோகவே கூடாது. கையுறையில் கொழுப்பும் ஃபார்மலினும் ஒட்டியிருக்கும். அதோடு தொட்டால் உறையின் விளிம்பில் படிந்து விடுதி மேசை வரை வரும். அன்றைய பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போகட்டும்.

பேனா முனை

ஹிஸ்டோ சொன்ன வரிசை சரி. "பேனாவுள்ள டேப்" என்று கடையில் கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள், அதனால் கொஞ்சம் விவரம்.

பேனாவில் மூன்று ரகம் உண்டு. சாம்சங்கின் எஸ் பென் முதல் ரகம். திரைக்கு அடியில் இருக்கும் காந்தப்புலத் தகடு பேனாவுக்குச் சக்தி கொடுக்கிறது. எழுதுவதற்கு பேட்டரியே வேண்டாம், அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்கும், பெட்டியிலேயே வரும். ஆனால் எல்லா சாம்சங் டேப்பிலும் இந்தத் தகடு கிடையாது. ஏ9 பிளஸ் போன்ற ஏ வரிசையில் எஸ் பென் வேலை செய்யாது. எஸ் வரிசையில் எஃப்இ, லைட் என்று முடிகிறவற்றைப் பாருங்கள்.

இரண்டாம் ரகம் ஆப்பிள் பென்சில், ஒன்பிளஸ், ஷியோமி பேனாக்கள். இவற்றுக்குள் பேட்டரி உண்டு, தனியாக வாங்க வேண்டும். 2025இல் வந்த ஏ16 சிப் ஐபேட் 128 ஜிபி 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதற்குப் பொருந்தும் பென்சில் இரண்டே. டைப்-சி பென்சிலில் அழுத்த உணர்வு இல்லை. முதல் தலைமுறைப் பென்சிலில் அது உண்டு, ஆனால் சார்ஜ் போட ஒரு அடாப்டர் வேண்டும். நோட்ஸ் எழுத அழுத்த உணர்வு தேவையில்லை. ஆகவே 2018க்குப் பிந்தைய ஐபேடுகளுக்கென்று 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் விற்கும் மாற்று பேனாக்களே போதும். உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது. இந்த இடத்தில் ஐயாயிரம் ரூபாய் மிச்சம்.

மூன்றாவது, 300 ரூபாய்க்கு விற்கிற ரப்பர் முனைப் பேனா. திரைக்கு அதுவும் விரலும் ஒன்றுதான். உள்ளங்கையை ஊன்றினால் பக்கம் நகரும், கோடு இழுபடும். கையைத் தூக்கிக்கொண்டே இரண்டு பக்கம் எழுதினால் தோள் வலிக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

திரை அளவையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 10.9 அங்குல ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 15.8 செ.மீ., அதாவது பக்கம் 75 சதவீதமாகச் சுருங்கும். அதே 10.9 அங்குலம் 16:10 வடிவ சாம்சங்கில் 14.7 செ.மீ., 70 சதவீதம். 8.7 அங்குல டேப்பில் 54 சதவீதம். 10 புள்ளி எழுத்து ஐந்தரைப் புள்ளியாகிவிடும், படத்தின் லேபிளைப் படிக்க ஒவ்வொரு முறையும் விரலால் பெரிதாக்க வேண்டும். ஆகவே 10.9க்குக் கீழே இறங்காதீர்கள். 12.4 அங்குலம் 80 சதவீதம் காட்டும்தான், ஆனால் படுத்துக்கொண்டு படிக்கக் கை தாங்காது.

பேஸ் ஐபேடில் (மேலே சொன்ன ஏ16 ரகம்) கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி உண்டு. பேனா முனைக்கும் கோட்டுக்கும் மயிரிழை தள்ளித் தெரியும். எழுத்துக்குப் பரவாயில்லை, நுணுக்கப் படம் வரைகிறவர்களுக்கு உறுத்தும்.

குறுக்குக்கேள்வி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். 50,000 ரூபாய் மட்டும்தான் வாழ்நாள் பட்ஜெட் என்றால் லேப்டாப்தான் முதலில் வாங்க வேண்டும். டேப்பில் செய்கிற எல்லாவற்றையும் லேப்டாப்பில் செய்யலாம், எழுதுவதைத் தவிர. எழுதத்தான் 60 ரூபாய் நோட்டு இருக்கிறதே. டேப்பில் ஆய்வுத் தரவைப் பகுத்துப் பார்க்க முடியுமா? புள்ளியியலுக்கு ஜமோவி, மேற்கோள்களைத் திரட்ட சோட்டேரோ எல்லாம் இலவசம், இரண்டும் லேப்டாப்பில்தான் ஒழுங்காக ஓடும். ஐந்தரை வருடப் படிப்பு இது. பேட்டரியும் மென்பொருள் அப்டேட்டும் நின்றுபோனால் டேப்பைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். லேப்டாப்பில் பேட்டரி மாற்றலாம், ராம் ஏற்றலாம்.

ஹிஸ்டோ ஸ்லைடு

@குறுக்குக்கேள்வி, ஆய்வு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எழுதுவதைத் தவிர" என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகிற அந்த எழுத்துதான் முதலாண்டின் பாதி உழைப்பு. கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை விசைப்பலகையில் படிக்க முடியாது. நரம்பு எந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று ஸ்லைடின் மேலேயே கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்தால்தான் மனதில் நிற்கும். இதை நோட்டிலும் செய்யலாம், மறுக்கவில்லை. ஸ்லைடை பிரிண்ட் எடுக்கிற செலவு மட்டும் இடிக்கும்: ஒரு வகுப்புக்கு 60 ஸ்லைடு, பக்கத்துக்கு நாலு வீதம் அடித்தாலும் 15 பக்கம், கறுப்பு வெள்ளையில் ஹிஸ்டாலஜி படம் ஒரே சாம்பல் மேகம்.

லேப்டாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப் போடுங்கள் என்கிறேன். பழைய பிசினஸ் லேப்டாப்பே போதும். அதைப் பற்றி சர்வீஸ் அண்ணன் வந்து சொன்னால் நல்லது.

சர்வீஸ் டேபிள்

சொல்றேன் தம்பி. பழசைச் சரிபண்ணி விக்கிற ரீஃபர்பிஷ்டு பிசினஸ் லேப்டாப் மாணவர்களுக்கு நல்ல பொருள், ஆனா கண்ணைத் திறந்து வாங்கணும்.

முதல்ல ப்ராசஸர் எண்ணைப் பாருங்க. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறை வேணும். ஐ5-8350ன்னு இருந்தா கோட்டுக்கு அப்புறம் வர 8தான் தலைமுறை. ஐ5-7300 ஏழாம் தலைமுறை, அது வேண்டாம். திங்க்பேட் டி470 எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் கீழே வையுங்க, டி480 எடுங்க. ரெண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பக்கத்துப் பக்கத்துலயே அடுக்கி வச்சிருப்பாங்க. டெல் லாட்டிட்யூட்ல 5490, 7490 எட்டாம் தலைமுறையில வரும். டி480ல ராமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கு, பேட்டரியும் ரெண்டு: ஒண்ணு உள்ளே, ஒண்ணு பின்னாடி கழற்றி மாட்டுறது. 20,000 ரூபாயைச் சுற்றி விலை.

கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்ங்கிற சொல்லோட சி, எஃப், ஜி மூணு எழுத்தையும் சேர்த்து அடிங்க. ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட்னு ஒரே சொல்லா அடிச்சு என்டர் தட்டுங்க. ஒரு பக்கம் உருவாகும், அதை பிரவுசர்ல திறக்கலாம். டிசைன் கெப்பாசிட்டி 24,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 13,000ன்னு இருந்தா பாதி பேட்டரி போயாச்சு. மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா விலையில குறைக்கச் சொல்லுங்க. 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது டைப்-சி சார்ஜிங். 2017லேர்ந்து 2019 வரைக்கும் வந்த பல திங்க்பேட்கள்ல டைப்-சி ஓட்டையை இயக்குற தண்டர்போல்ட் ஃபர்ம்வேர்ல ஒரு பிழை உண்டு, டி480ம் அதுல சேர்த்தி. ஃபர்ம்வேர் தன்னோட சின்ன நினைவகச் சிப்ல ஓயாம எழுதிக்கிட்டே இருக்கும். அது நிரம்பினதும் டைப்-சி வழியா சார்ஜ் ஏறாது, சில சமயம் வெளித்திரையும் வராது. லெனோவோ திருத்தின ஃபர்ம்வேர் வெளியிட்டிருக்கு. கெட்டுப்போறதுக்கு முன்னாடி அதை ஏத்திட்டா பிரச்சினை இல்லை. கெட்டுப்போனதுக்கு அப்புறம்னா சிப்பைத் தனியா எடுத்து எழுதணும், எல்லாக் கடையிலயும் செய்ய மாட்டாங்க. அதனால ரெண்டு டைப்-சி ஓட்டையிலயும் சார்ஜரைச் சொருகி, ரெண்டுலயும் சார்ஜ் ஏறுதான்னு பார்த்துட்டுதான் காசு கொடுக்கணும்.

விசைப்பலகையில எல்லா எழுத்தையும் ஒரு தடவை தட்டுங்க. மூடியை 30 டிகிரி, 90 டிகிரி, முழுசான்னு மூணு நிலையில வச்சு திரை மினுக்குதான்னு பாருங்க. மினுக்கினா கீல் வழியா போற கேபிள் நைஞ்சிருக்கு. எஸ்எஸ்டி 256க்குக் குறைய வேண்டாம், ஹார்டு டிஸ்க் அறவே வேண்டாம்.

இன்னொண்ணு. பழைய டேப் வாங்கறவங்களுக்கு. ஆன்லைன் பயிற்சி நிறுவனங்கள் பாடத்தோட சேர்த்துக் கொடுத்த டேப்கள் சந்தையில மலிவா வருது. பலதுல நிறுவனத்தோட நிர்வாகப் பூட்டு அப்படியே இருக்கும். ரீசெட் பண்ணினதும் "இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம்"னு வந்து நிக்கும், அந்த நிறுவனத்தைத் தவிர யாராலயும் திறக்க முடியாது. உங்க கண்ணு முன்னாடி ரீசெட் பண்ணி, உங்க ஜிமெயிலைப் போட்டு முகப்புத் திரை வரைக்கும் வந்தா மட்டும் வாங்குங்க. ஐபேடா இருந்தா பழைய சொந்தக்காரர் ஆப்பிள் கணக்கிலேர்ந்து வெளியேறிட்டாரான்னு அதே மாதிரி ரீசெட் பண்ணிப் பாருங்க.

தேனிக்காரி

நன்றி அண்ணா, எண்களை எழுதி வைத்துக்கொண்டேன். எல்லோரும் அன்கி என்ற ஃப்ளாஷ் கார்டு செயலியைச் சொல்கிறார்கள். அது டேப்பில் ஓடுமா, காசு கட்ட வேண்டுமா?

பருத்தித்துறை

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்கயும் மருத்துவபீடத்துப் பிள்ளைகள் கனபேர் இதைத்தான் பாவிக்கினம், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்திலயும் அன்கி இலவசம். அண்ட்ராய்டில அன்கிட்ராய்ட் எண்டு இருக்கு, அதுவும் இலவசம். ஐபேடுக்கு உரிய அன்கிமொபைல் மட்டும் ஏறக்குறைய 25 டொலர், ஒருக்கா கட்டினால் போதும். கட்ட ஏலாதவை பிரவுசரில அன்கிவெப்பைத் திறந்து கார்ட் பாக்கலாம். அதே பேரில மாதச்சந்தா கேக்கிற வேற செயலிகளும் இருக்கு, ஏமாறாதேங்கோ.

அனாட்டமிக்கு இதில மிகப் பெறுமதியான விசயம் படத்தை மறைச்சுக் கேக்கிற கார்ட். 23.10 பதிப்பில இருந்து அன்கிக்குள்ளேயே இருக்கு, தனியா ஒண்டும் இறக்கத் தேவையில்லை. படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சு ஜேபெக்கா வையுங்கோ, இல்லாட்டி சிங்க் இழுபடும். புதுக் கார்ட் போடுற இடத்தில வகையை இமேஜ் ஒக்லூஷன் எண்டு மாத்தி, படத்தைத் தெரிஞ்சு, ஒவ்வொரு பேருக்கு மேலயும் ஒரு பெட்டி கீறுங்கோ. எல்லாத்தையும் மறைச்சு ஒண்டைக் கேள் எண்ட தெரிவை எடுங்கோ. ஒண்டை மட்டும் மறைச்சால் பக்கத்தில இருக்கிற பேர்களைப் பாத்தே விடை சொல்லிப் போடலாம், படிச்ச மாதிரி இருக்கும், படிச்சிருக்க மாட்டியள்.

இதில புதுப் பிள்ளைகள் பிழை விடுற இடம் ஒண்டு இருக்கு. பிரேக்கியல் பிளெக்ஸஸை எடுங்கோ: சி5இல இருந்து டி1 வரை 5 வேர், 3 ட்ரங்க், 6 டிவிஷன், 3 நரம்பு நாண், 5 முடிவுக் கிளை. மொத்தம் 22 பெட்டி. ஒரே படத்தில 22ஐயும் கீறினால் ஒரேயடியா 22 கார்ட் பிறக்கும். நாளுக்கு 20 புதுக் கார்ட் எண்டதுதான் அன்கியின்ர வழமையான அளவு. அந்த ஒரு படமே முழு நாளையும் திண்டுபோடும், பிசியாலஜிக்கு இடம் இராது. முதல் நாள் வேர், ட்ரங்க், நாண் எண்டு 11. மூண்டு நாள் கழிச்சு டிவிஷனும் கிளையும் 11. அப்பிடிப் பிரியுங்கோ.

நாளுக்கு 20 புதுசு போட்டால் சில கிழமையில மீட்டல் (திருப்பிப் பாக்கிற பழைய கார்ட்) நாளுக்கு 200 அளவுக்கு வந்து நிக்கும். ஒரு கார்டுக்கு 8 செக்கன் எண்டு பாத்தாலும் 27 நிமிசம். அதுக்கு மேல நேரம் இல்லாட்டிப் புதுக் கார்டைக் குறையுங்கோ, மீட்டலை ஒருநாளும் குறைக்க வேண்டாம். எந்தக் கார்ட் எப்ப திரும்ப வரவேணும் எண்டு கணிக்கிற எஃப்எஸ்ஆர்எஸ் அட்டவணையைப் போட்டால் நினைவு இலக்கை 0.90இலயே விடுங்கோ. 0.95 ஆக்கினால் வேலை நல்லாக் கூடிப்போகும்.

சிங்க் செய்யேக்க "அன்கிவெப்புக்கு ஏத்தவா, அங்க இருந்து இறக்கவா" எண்டு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அமத்தாதேங்கோ. ஏத்தினால் மேல இருக்கிறது அழியும், இறக்கினால் கையில இருக்கிறது அழியும். எதில கடைசியாப் படிச்சதோ அதுதான் சரியான பிரதி. பிழையா அமத்திப்போட்டால், லேப்டாப் அன்கி தானா எடுத்து வைக்கிற பழைய பிரதியை ஃபைல் மெனுவில ஸ்விட்ச் புரொஃபைல், அதுக்குள்ள ஓப்பன் பேக்கப் எண்டு போய்த் திறக்கலாம்.

பேனா முனை

பருத்தித்துறை அண்ணனுக்கு நன்றி. 11, 11 என்று பிரிக்கிற யோசனை மிக நல்லது.

பிடிஎஃப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், டேப் "மெதுவாகிவிட்டது" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான் வருகின்றன. ஆயிரம் பக்கப் புத்தகத்தின் வண்ண ஸ்கேன் 500 எம்பியைச் சுலபமாகத் தாண்டும். அதை ஒன்நோட்டிலோ சாம்சங் நோட்ஸிலோ முழுசாக இறக்காதீர்கள். ஒன்நோட் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி வைக்கும், 60 ஸ்லைடு வரை தாங்கும், ஆயிரம் பக்கம் தாங்காது. புத்தகத்தை அத்தியாய வாரியாக வெட்டி ஜோடோ போன்ற பிடிஎஃப் வாசிப்பானில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஸ்லைடுக்கு மட்டும் நோட்ஸ் செயலி.

வாரம் ஒரு முறை அந்த வார நோட்ஸைப் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து கூகுள் டிரைவில் போடட்டும். செயலியின் சொந்த வடிவத்திலேயே ஐந்து வருட நோட்ஸ் கிடந்தால் வேறு கம்பெனி டேப்புக்கு மாறும்போது கைவிட்டுப் போகும். டிரைவில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோவும் அதே 15ஐத்தான் பங்கு போடும். ஐகிளவுடில் 5 ஜிபிதான்.

டெலிகிராமில் வரும் திருட்டு வினாவங்கிச் செயலிகளைத் தொடவே வேண்டாம். அவை அணுகல்தன்மை அனுமதி கேட்கும், கொடுத்தால் திரையில் வரும் ஓடிபி வரை படிக்கும். அப்பாவின் வங்கிக் கணக்கோடு இணைந்த எண் அந்த போனில் இருக்கலாம். அதேபோல மலிவு அண்ட்ராய்டு டேப்களில் வீடியோ நகல் பாதுகாப்புக்கான வைட்வைன் எல்1 சான்று இருக்கிறதா என்று டிஆர்எம் இன்ஃபோ செயலியில் பாருங்கள். எல்3 என்று வந்தால் கட்டணம் கட்டிய வீடியோகூட மங்கலாகத்தான் ஓடும்.

வார்டு ரவுண்ட்ஸ்

போனைப் பற்றி யாரும் பேசவில்லை. 6 ஜிபி ராம் 5ஜி போன் இன்டர்ன்ஷிப் வரை தாராளம், மாற்ற வேண்டாம். அமைப்புகளை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடைப் படமெடுக்கத் துறையில் அனுமதித்தால்: பிரதான கேமரா, ஜூம் ஒரு மடங்கு. அகலக் கோண லென்ஸில் ஐபீஸின் கறுப்பு வளையம்தான் பெரிதாக விழும். போனை ஐபீஸிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளிப் பிடித்து, வெளிச்ச வட்டம் முழுசாகும் வரை மெல்ல முன்பின் நகர்த்துங்கள். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். வட்டம் நிறைந்ததும் திரையை நீளமாக அழுத்திக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, ஒலி பொத்தானால் எடுங்கள். முதலில் 10 மடங்கில் ஒன்று, அதே இடத்தை 40 மடங்கில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் இது தைராய்டா, பாலூட்டும் மார்பகமா என்ற குழப்பம் வராது.

உடல் தானம் செய்தவரைப் படமெடுக்கக் கூடாது. அவர்களை மதித்து நடப்பேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் போகிறோம். இரண்டாம் ஆண்டில் வார்டுக்குப் போனதும் நோயாளிகளின் எக்ஸ்ரே, காயப் படம் எல்லாம் வாட்ஸாப் குழுவில் வந்து விழும். வாட்ஸாப் அமைப்பில் சாட்ஸ் என்பதற்குள் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் படம் கேலரிக்குப் போகும், அந்த ஃபோல்டரின் பேக்கப் இயங்கினால் அங்கிருந்து கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்றும், பிறகு வீட்டு டிவியின் ஸ்கிரீன்சேவரில் ஒரு நோயாளியின் காயம் ஓடும். கூகுள் போட்டோஸில் வாட்ஸாப் ஃபோல்டரின் பேக்கப்பையும் அணைக்க வேண்டும். தானே படமெடுக்க நேர்ந்தால் நோயாளியின் ஒப்புதல் முதலில். பெயர், ஐபி எண் (உள்நோயாளி எண்), முகம் மூன்றும் சட்டகத்துக்கு வெளியே. கேமராவில் இருப்பிடக் குறிப்பு அணைந்திருக்கட்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தாயிற்று. அதற்கும் முன்னால், நம்மை நம்பிப் படுத்திருக்கிறவர் அவர்.

சர்வீஸ் டேபிள்

விடுதிக்கு இன்னொரு விஷயம். ரூமுக்கு ரெண்டு பிளக், மூணு பேர். ஆளுக்கு மூணு சார்ஜர் கொண்டு போனா தினமும் தகராறு. 65 வாட் டைப்-சி பவர் டெலிவரி சார்ஜர் ஒண்ணு வாங்கினா லேப்டாப், டேப், போன் மூணும் அதுலயே போடலாம். கேபிள்ல கவனம் வேணும்: 65 வாட்னா 20 வோல்ட்ல 3.25 ஆம்பியர். சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான், அதனால 60 வாட்லயே நிக்கும். 100 வாட்னு போட்ட 5 ஆம்பியர் கேபிளா வாங்குங்க, உள்ளே அடையாளச் சிப் இருக்கும்.

பவர் பேங்க் 20,000 மில்லிஆம்பியர்-மணின்னா 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட்-மணி. மாற்றத்துல போறது போக 50 கிடைக்கும். டேப்பை ஒன்றரை தடவைக்கு மேல நிரப்பும், சின்ன லேப்டாப்பை ஒரு தடவை. பவர் டெலிவரி இல்லாத பவர் பேங்க் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

குறுக்குக்கேள்வி

லேப்டாப்தான் முதலில் என்ற என் கருத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அரசு லேப்டாப் வருமென்றால் டேப் மட்டும் போதும். வராதென்றால், பேனாவோடு வரும் சாம்சங் லைட் ரகம் 30,000 ரூபாயைச் சுற்றி, மீதி 20,000 அடுத்த வருட டி480க்கு. இரண்டும் 50,000க்குள் அடங்கும். ஒரே கருவியில் இரண்டையும் முடிக்கலாம் என்று மடக்கித் திருப்பும் டச் லேப்டாப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒன்றரைக் கிலோவை ஒரு கையில் பிடித்து மறுகையால் எழுத முடியாது.

தேனிக்காரி

அப்படியே செய்கிறோம். நாலு வாரம் பொறுத்து லைட் டேப், லேப்டாப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வைக்கிறோம். கடைசியாக ஒன்று: திரைக்கு என்ன ஒட்டுவது? தாள்போல் சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார்கள்.

பேனா முனை

எழுதும்போது வழுக்காது என்பது உண்மை. ஆனால் பேனா முனை சீக்கிரம் தேயும், வெள்ளைப் பின்னணியில் வானவில் புள்ளிகள் தெரியும், ஹிஸ்டாலஜி படம் கூர்மை இழக்கும். அனாட்டமி, ஹிஸ்டாலஜி பார்க்கப்போகிற திரைக்கு வெற்றுக் கண்ணாடியே நல்லது. சாதாரண டெம்பர்டு கிளாஸ், ஓரத்தில் பேனா வைக்க இடமுள்ள ரப்பர் உறை, அவ்வளவு போதும். வழுக்குவது பத்து நாளில் பழகிவிடும்.

வாங்கும் அன்று கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். நோட்ஸ் செயலியைத் திறந்து, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் மூலைக்கு மூலை சாய்வாக வைத்து, பேனாவால் மிக மெதுவாகக் கோடு இழுங்கள், பத்து விநாடி ஆகட்டும். கோடு நேராக இருக்க வேண்டும். படிக்கட்டுபோல நெளிந்தால் வேறு பெட்டி கேளுங்கள். இரண்டு மூலைவிட்டத்திலும் பாருங்கள். பிறகு வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் திறந்து புள்ளி எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் அமைப்புகளில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். அதே எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி, தம்பியின் பெயரில் பில் வாங்குங்கள்.